கொம்புகளின் மாளிகை: மோரிட்ஸ்புர்க்கில் நான்கு நாட்கள்

முதல் நாள்

அக்கா ஜெர்மனியின் டிரெஸ்டனில் குடியேறி ஆறு வருடம் ஆகிறது. போனில் பேசும்போதெல்லாம், "இங்க வந்துட்டு மோரிட்ஸ்புர்க் பார்க்காம மட்டும் திரும்பிப் போயிடாதே" என்பாள். இந்த அக்டோபரில் அவள் மகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. எனக்கும் நான்கு நாள் கையில் இருக்கிறது. பகலில் போய்ப் பார்ப்பது, இரவில் வந்து இங்கே எழுதுவது என்று ஏற்பாடு.

டிரெஸ்டனுக்குப் பக்கத்து ஊரான ராடெபாய்லிலிருந்து மோரிட்ஸ்புர்க்குக்கு இன்னும் நீராவி ரயில் ஓடுகிறது. 1884இல் போட்ட பாதை, தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 750 மில்லிமீட்டர். பெட்டிக்குள் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். உள்ளூர்க்காரர்கள் இதைக் குட்டைக்கால் வேட்டை நாயின் பெயரால் செல்லமாக அழைக்கிறார்கள். திராட்சைத் தோட்டச் சரிவுகளுக்கு நடுவே ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து ஏறி, பிறகு ஒரு பெரிய ஏரியின் நடுவே கட்டிய கரை மேல் போகிறது. அப்போது இரண்டு பக்கமும் தண்ணீர். அக்கா மகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் புகையைப் பிடிக்கப் பார்த்தாள்.

நிலையத்திலிருந்து நடந்து போனால், மர வரிசை முடியும் இடத்தில் மாளிகை திடீரென்று முன்னால் நிற்கிறது. ஏரிக்கு நடுவே மேடை. அதன் மேல் காவி மஞ்சளும் வெள்ளையுமாக நான்கு மூலையிலும் நான்கு உருண்டைக் கோபுரங்கள். தண்ணீரில் அதே மாளிகை தலைகீழாக இன்னொரு முறை தெரிந்தது. மாலையாகிவிட்டதால் உள்ளே போகவில்லை. ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாம் நாள்

இன்று முழுக்க உள்ளேதான். எழுத நிறைய இருக்கிறது. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் முதலில் ஒரு வேட்டை மாளிகையைக் கட்டியவர், டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி நாட்டின் கோமகன் மோரிட்ஸ். 1542இல் தொடங்கி 1546இல் முடித்தார். ஊருக்கும் அவர் பெயர்தான். அப்போது இருந்தது நடுவே ஒரு வீடு, சுற்றி மதில், மதிலின் நான்கு மூலையில் நான்கு கோபுரங்கள், அவ்வளவுதான். பக்கத்துக் காட்டுக்கு வேட்டையாட வந்தால் தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அடுத்த வருடமே, 1547இல், தன்னைப் போலவே சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையைச் சேர்ந்த பிரபுக்களுக்கு எதிராக, ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த பேரரசர் பக்கம் நின்று போரிட்டு, அதற்குக் கூலியாகப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள பெரும்பதவியைப் பெற்றார். 1553இல் வேறொரு போரில் பட்ட காயத்தால் 32 வயதில் இறந்துபோனார். தான் கட்டிய வீட்டை அவர் அனுபவித்த காலம் சொற்பம்.

நூற்றியிருபது வருடத்துக்குப் பிறகு, 1660களில் கிளெங்கல் என்ற கட்டடக் கலைஞர் இங்கே ஒரு தேவாலயம் சேர்த்தார். இன்று நாம் பார்க்கும் உருவத்தைக் கொடுத்தவரோ பலசாலி அகஸ்டஸ். போலந்தின் மணிமுடிக்காக 1697இல் கத்தோலிக்கராக மாறிய சாக்சனி ஆட்சியாளர் இவர். மாறிய இரண்டே வருடத்தில் இந்தத் தேவாலயத்தையும் கத்தோலிக்க வழிபாட்டுக்கு மாற்றிவிட்டார். டிரெஸ்டனின் ஸ்விங்கர் அரண்மனையைக் கட்டிய பெப்பெல்மானை 1723இல் அழைத்து மோரிட்ஸ்புர்க்கைப் புதுப்பிக்கச் சொன்னார். பெப்பெல்மான் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பழைய மதிலை எடுத்துவிட்டு, தனியாக நின்ற மூலைக் கோபுரங்களை வீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார். சுற்றியிருந்த குளங்களை விரித்து ஒரே ஏரியாக்கினார்கள். காவலுக்கு நின்ற கோபுரங்கள் படுக்கையறைகளாயின. 1733இல் அகஸ்டஸ் வார்சாவில் இறந்தார். அதோடு மோரிட்ஸ்புர்க்கின் பெரிய காலமும் முடிந்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சுவர்தான். தாளோ துணியோ ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்தால், தோல்! தோலின் மேல் வெள்ளித் தகடு ஒட்டி, மேலே மஞ்சள் மெருகு பூசினால் பொன்னாகத் தெரியும். அதில் பூவேலை அச்சடித்து, வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலேயே பெரிய தோல்சுவர்த் தொகுப்புகளில் இது ஒன்று. ஓர் அறையில் வேட்டைத் தேவதை டயானாவின் கதை முழுவதும் தோலில் ஓவியமாக ஓடுகிறது. மாளிகைக்கு அந்தக் காலத்தில் டயானாவின் பெயரையும் வைத்திருந்தார்கள்.

இறகு அறையைப் பற்றி எழுதாமல் தாண்ட முடியாது. 1723இல் லண்டனில் ஒரு பிரெஞ்சுக் கைவினைஞரிடமிருந்து அகஸ்டஸ் வாங்கிய கட்டிலின் அலங்காரம் அது. மயில், ஃபெசன்ட், கினிக்கோழி, வாத்து ஆகியவற்றின் இறகுகள், பத்து லட்சத்துக்கும் மேல். ஒட்டவைத்ததாக நினைக்க வேண்டாம். ஒவ்வோர் இறகையும் தறியில் ஊடு நூலோடு சேர்த்து முடிந்து நெய்திருக்கிறார்கள். நெசவு தெரிந்த யாராவது இதன் முன் நின்றால் நகரவே மாட்டார்கள். முதலில் இது டிரெஸ்டனில் வேறோர் அரண்மனையில் இருந்தது. 1830இல்தான் இங்கே வந்தது. பூச்சியும் ஒளியும் தூசியும் தின்றது போக மீந்ததை 19 வருடம் உட்கார்ந்து சீர்செய்து 2003இல் மறுபடி பார்வைக்கு வைத்தார்கள். அறையில் வெளிச்சம் மிகக் குறைவு. கண் பழக இரண்டு நிமிடம் ஆனது. பழகிய பிறகு இறகுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

பிறகு சாப்பாட்டு மண்டபம். நான்கு சுவரிலும் கொம்பு, கொம்பு, கொம்பு. மரத்தில் செதுக்கிய மான் தலைகளின் மேல் உண்மையான கொம்புகளை ஏற்றி வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். மொத்தம் 71. எல்லாமே செம்மான் கொம்புகள். மான் தன் கொம்பை வருடந்தோறும் உதிர்த்து மறுபடி வளர்க்கும். அதற்குள் 24 முனை, 30 முனை விடுவதென்றால் காடு நல்ல செழிப்பாக இருந்திருக்க வேண்டும். இவற்றில் கனமானது 19.8 கிலோ. ஒரு மான் அதைத் தலையில் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது.

அடுத்த மண்டபத்தில் வினோதக் கொம்புகள். முறுக்கியும், தட்டையாகியும், காளான் போலப் பூத்தும் வளர்ந்தவை. அவற்றில் பேர்பெற்றது 66 முனைக் கொம்பு. 1696இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் சுட்ட மான். பிரஷ்யாவின் அடுத்த மன்னர் அதை அகஸ்டஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு நெட்டையான சிப்பாய்கள் ஒரு படைப்பிரிவையே வாங்கிக்கொண்டதாகக் கதை சொல்கிறார்கள்.

இங்கேதான் அக்கா மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, இவ்ளோ மானையும் அந்த ராஜாவே தேடிப் போய்ச் சுட்டாரா?"

"இல்லம்மா. இதுல நிறைய அவர் சுட்டதே கிடையாது. வாங்கினது, பரிசா வந்தது."

"சரி, அவர் சுட்டது? காட்டுக்குள்ள மான் ஓடிடும்ல, எப்படிப் பிடிச்சாங்க?"

உட்கார்ந்து சொல்ல வேண்டிய பதில் அது. சாளரத்து ஓரமாக நின்று சொன்னேன். அந்தக் காலத்தில் இரண்டு விதம். ஒன்று, பிரான்சிலிருந்து வந்த முறை. ஒரே மானைக் குறிவைத்து, குதிரையும் நாய்க்கூட்டமுமாக அது களைத்து விழும்வரை துரத்துவது. இன்னொன்று, அடைத்து வேட்டையாடுவது. காட்டின் பெரும் பரப்பைச் சுற்றித் துணிகளும் வலைகளும் கட்டுவார்கள். நாளுக்கு நாள் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். கடைசியில் விலங்குகள் எல்லாம் ஒரு சின்ன வெளிக்குள் வந்து சேரும். அங்கே போட்ட பந்தலில் விருந்தினர்கள் உட்கார்ந்து சுடுவார்கள். துணிகளுக்கு இடையே நுழைந்து தப்பும் விலங்கும் உண்டு. அதனால்தான் கைக்கு எட்டியது நழுவிப் போனால் "துணிக்கு நடுவே போய்விட்டது" என்று ஜெர்மன்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். இந்தச் சொல் அவளுக்குப் பள்ளியிலேயே தெரிந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியாது.

"துணியை எல்லாம் யார் கட்டினாங்க?"

பக்கத்துக் கிராமத்து விவசாயிகள். கூலி கிடையாது. வேட்டை வெட்டி வேலை என்று அதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. வண்டி கட்டி வலையை ஏற்றிப் போக வேண்டும், காட்டில் வரிசையாக நின்று விலங்கை விரட்ட வேண்டும். அறுவடையாக இருந்தாலும் கூப்பிட்டால் போக வேண்டும்.

"அவங்க பேர் எங்க இருக்கு?"

மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கொம்புக்கு வருடம் தெரியும், முனை தெரியும், கிராம் சுத்தமாக எடை தெரியும். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ராத்திரி இதை எழுதும்போதும் அந்தக் கேள்விதான் காதில் இருக்கிறது.

(1973இல் எடுத்த செக் - கிழக்கு ஜெர்மானிய சிண்ட்ரெல்லா படத்தின் காட்சிகள் இந்த மாளிகையில் படமானவை. வெளிப் படிக்கட்டில் வெண்கலத்தில் ஒரு செருப்பு வைத்திருக்கிறார்கள். அக்கா மகள் அதில் கால் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.)

மூன்றாம் நாள்

இன்று மகளை அவள் தோழி வீட்டில் விட்டுவிட்டு அக்கா என்னோடு வந்தாள். மாளிகைக்குப் போகவில்லை. ஏரிக்கரையில், மாளிகையைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு பழைய பண்ணை வீட்டுக்குப் போனோம். ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் தன் கடைசி மாதங்களைக் கழித்த வீடு. அவர் வாழ்ந்த வீடுகளில் இன்று அப்படியே எஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். 1995இல் அருங்காட்சியகமானது.

அவர் இங்கே எப்படி வந்தார் என்பதை மாளிகைக் கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் புரியும். 1918இல் சாக்சனியின் கடைசி மன்னர் முடி துறந்தார். மோரிட்ஸ்புர்க் குடும்பத்தின் கையிலேயே தங்கியது. அவருடைய கடைசி மகன் இளவரசர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் 1933 முதல் குடும்பத்தோடு மாளிகையிலேயே வாழ்ந்தார். பெர்லினில் கொல்விட்ஸின் வீடு 1943 நவம்பரில் குண்டு விழுந்து அழிந்தது. முதல் உலகப் போரில் 18 வயது மகன் பீட்டரை 1914இலேயே பறிகொடுத்தவர். இரண்டாம் போரில், 1942இல், அதே பெயர் கொண்ட பேரனும் போனான். நாஜிகள் அவரைக் கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றி, கண்காட்சி வைக்கவிடாமல் செய்திருந்தார்கள். அப்படி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த அந்த அம்மாளை 1944 கோடையில் இளவரசர் அழைத்து இந்த வீட்டில் இடம் கொடுத்தார். 1945 ஏப்ரல் 22, போர் முடிய இரண்டு வாரமே இருந்தபோது, இங்கேயே கண்ணை மூடினார். வயது 77.

அறைகள் சின்னவை. அக்கா சாளரத்தருகே நின்று, "இங்கேர்ந்து பார்த்தா அந்தக் கோபுரம்தான் தெரியுது" என்றாள். முதுமையில் இங்கே இருந்தவருக்குத் தினமும் கண்ணில் பட்டது அந்த வேட்டை மாளிகைதான்.

விற்பனை மேசையில் அவருடைய விவசாயிகள் போர் வரிசையின் படத் தொகுப்பு இருந்தது. வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினோம். ஏழு படங்கள், இருபதாம் நூற்றாண்டின் முதல் வருடங்களில் செம்புத் தகட்டில் அரித்து அச்சடித்தவை. முதல் படத்தில் ஏர் உழுகிறார்கள். ஏர் இழுப்பது மாடு அல்ல, இரண்டு மனிதர்கள். உடம்பு தரைக்கு இணையாகச் சாய்ந்து, கயிறு தோளை அறுக்கிறது. இன்னொன்றில் ஒரு பெண் அரிவாளைத் தீட்டுகிறாள். மற்றொன்றில் கூட்டம் பாய்கிறது. முதுகைக் காட்டியபடி நிற்கும் ஒருத்தி இரண்டு கையையும் தூக்கி அவர்களை ஏவுகிறாள். பிறகு இரவு. போர்க்களத்தில் ஒரு தாய் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பிணங்களுக்கு நடுவே தேடுகிறாள். அக்கா அந்தப் பக்கத்தைப் புரட்டவிடவில்லை. "இந்தக் கையைப் பாருடா" என்றாள். விளக்கொளி விழுவது அந்தக் கையிலும், அது தொடும் முகத்திலும் மட்டும்தான்.

நேற்று அக்கா மகள் கேட்ட பேர்கள் இல்லாத ஆட்கள் இவர்கள்.

அந்தப் போர் நடந்தது 1524, 1525இல். விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளைப் பன்னிரண்டாக எழுதி அச்சிட்டார்கள். அதில் நான்காவது வேட்டையைப் பற்றியது. ஏழை ஒருவன் மானையோ பறவையையோ ஆற்று மீனையோ தொடக் கூடாது என்பது நியாயமில்லை. மனிதனுக்காக விளைந்த பயிரை விலங்கு மேய்ந்து அழிக்கும்போது நாங்கள் வாய்பொத்தி நிற்க வேண்டியிருக்கிறது என்று அதில் முறையிட்டார்கள். 1525 மே மாதம் ஃபிராங்கன்ஹவுசனில் அவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். அங்கே வென்றவர்களில் ஒருவர் சாக்சனிக் கோமகன் கியோர்க், இன்னொருவர் ஹெஸ்ஸன் நாட்டின் ஃபிலிப். மோரிட்ஸுக்கு கியோர்க் பெரியப்பா. ஃபிலிப் மாமனார். மோரிட்ஸ் ஃபிலிப்பின் மகளைக் கட்டியது 1541இல். மறு வருடம் இந்த ஏரி நடுவே அஸ்திவாரம் போட்டார்.

இந்த உறவுமுறையை அக்காவிடம் சொன்னதும் அவள் மாளிகையைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் சாய்ந்து கோபுரங்கள் பொன்னிறமாக இருந்தன. அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. நேற்று இறகு அறையில் நின்று மலைத்தவன் நான்தான். அந்த மலைப்பு இன்றும் குறையவில்லை. அதன் பக்கத்தில் ஏர் இழுக்கும் அந்த இரண்டு பேரும் வந்து நிற்கிறார்கள். இனி ஒன்றை விட்டு ஒன்றை என்னால் பார்க்க முடியாது.

நான்காம் நாள்

மகளோடு கடைசி நாள். மாளிகையிலிருந்து கிழக்கே அரை மணி நடந்தால் ஃபெசன்ட் பறவைகளின் பெயர் கொண்ட ஒரு குட்டி மாளிகை. அகஸ்டஸின் கொள்ளுப் பேரன் மூன்றாம் ஃபிரெட்ரிக் அகஸ்டஸ் 1770களில் சீனப் பாணியில் கட்டியது. சதுரமாக, பக்கத்துக்கு வெறும் 13 மீட்டர் சொச்சம். அதற்குள் ஓர் அரண்மனையின் எல்லா அறைகளையும் சிறிதாக்கி அடக்கியிருக்கிறார்கள். வைக்கோலும் மணியும் கோத்த சுவர்த்துணிகள். பக்கத்து ஏரிக்கரையில் துறைமுகம், அலைதாங்கி, கிட்டத்தட்ட 22 மீட்டர் உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கம்! கடலே இல்லாத சாக்சனியில் கடற்போர் நாடகம் நடத்திப் பார்ப்பதற்காக. ஒரு சின்னப் போர்க்கப்பலும் இருந்ததாம். அக்கா மகள் கலங்கரை விளக்கத்தை விட்டு வர மறுத்தாள்.

அங்கிருந்து காட்டுக்குள். எட்டுப் பாதைகள் நட்சத்திரம் போல ஒரே புள்ளியில் கூடும் இடத்தில் எட்டுமூலைக் கட்டடம் ஒன்று நிற்கிறது, ஹெல்ஹவுஸ். அதே ஆட்சியாளர் காலத்தில் 1787இல் கட்டியது. மாடியில் ஆள் நின்று, மான் எந்தப் பாதையைத் தாண்டி ஓடுகிறது என்று கொடி காட்டுவான். கீழே குதிரைக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்புவார்கள். மகள் நடுவில் நின்று ஒவ்வொரு பாதையாக விரலால் எண்ணினாள். எந்தப் பாதையில் பார்த்தாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் நேர்கோடுதான்.

இது எழும்பி மூன்றே வருடத்தில், 1790 ஆகஸ்டில், சாக்சனி விவசாயிகள் எழுந்தார்கள். மழை பொய்த்த வருடம். மிஞ்சிய பயிரை மானும் பன்றியும் மேய்ந்தன. இரவெல்லாம் வயலில் கண்விழித்துச் சத்தம் போட்டு விரட்டலாமே தவிர, ஆட்சியாளரின் மானை அடிக்க உரிமையில்லை. வேட்டைத் தொல்லையில் தொடங்கிய கலகம் வெட்டி வேலைக்கும் பண்ணை வரிக்கும் எதிராகப் பரவியது. மைசன் பக்கத்துக் கிராமங்களும் சேர்ந்துகொண்டன. இங்கிருந்து அது தொலைவில்லை. படை வந்து அடக்கியது. அடுத்தவன் நிலத்தில் வேட்டையாடும் பிரபுக்களின் உரிமை ஒழிய 1848இன் புரட்சி வரவேண்டியிருந்தது.

இந்தக் காட்டில் இன்னொரு கதையும் புதைந்திருக்கிறது. 1945இல் செஞ்சேனை நெருங்கியபோது, இளவரசர் தன் மகன்களோடு குடும்பப் பொன் வெள்ளிப் பாத்திரங்களைப் பெட்டி பெட்டியாக இங்கே மண்ணுக்குள் இறக்கிவிட்டு மேற்கே போனார். பெரும்பாலானவற்றை சோவியத் படையினர் கண்டுபிடித்து எடுத்துப் போனார்கள். மூன்று பெட்டிகள் தப்பி, 1996இல் உலோகம் கண்டறியும் கருவியோடு அலைந்தவர்கள் கையில் கிடைத்தன. மாளிகை 1945இலேயே அரசுடைமையாகி, 1947இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. இளவரசர் அயர்லாந்தில் விவசாயியாக மிச்ச நாளைக் கழித்தார்.

திரும்பும் வழியில் விலங்குப் பூங்காவில் உயிருள்ள செம்மான்களைப் பார்த்தோம். ஓர் ஆண் மான் கழுத்தை நீட்டிக் கத்தியது. அடிவயிற்றிலிருந்து வரும், மாடு கனைப்பது போன்ற சத்தம். கொம்பு பத்துப் பன்னிரண்டு முனை இருக்கும். அக்கா மகள் அதையும் எண்ணினாள்.

மாலை ரயிலில் மோரிட்ஸ்புர்க்கைத் தாண்டி வயல்வெளி வந்ததும் அவள் ஜன்னல் பக்கம் கைகாட்டினாள். காட்டோரத்தில் நான்கு கால் நட்டு, ஏணி வைத்து, மேலே ஒரு சின்ன மரக்கூண்டு.

"அது என்ன மாமா?"

"பரண். வேட்டைக்காரர் ராத்திரி அதுல உட்கார்ந்து பன்றி வருதான்னு பார்ப்பார்."

"பன்றி வந்து சோளத்தைத் தின்னுட்டா?"

"இப்போ இந்த நாட்டுல சட்டம் இருக்கு. விவசாயிக்கு நஷ்ட ஈடு கொடுக்கணும். அந்த இடத்துல வேட்டையைக் குத்தகைக்கு எடுத்தவர் கையிலேர்ந்துதான் பெரும்பாலும் அந்தப் பணம் போகும்."

அவள் கொஞ்ச நேரம் அந்தப் பரணையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரயில் ஏரிக்கரை மேல் ஏறியபோது புகை வந்து ஜன்னலை மூடியது.